விடிவதற்கு முன் பிறந்தவர்கள்

கைசர் ஜஹானுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. அந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். அவளுக்கு அது வராது, என்ன செய்ய?

பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வரன் பார்க்கும் கம்பெனி. தொண்ணூற்றொன்பதாம் வருஷம். யாரைப் பார்த்தாலும் வெப்சைட், வெப்சைட் என்று பேயாய் அலைந்த காலம். முதலாளி சுந்தரராமனுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பஸ் பிடித்து வரும் கைசரை வேலைக்குச் சேர்த்த அன்றே, ஜாதக சமாசாரம் எதையும் நீ கண்டுகொள்ள வேண்டாம், கம்ப்யூட்டரை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார். சரி சார் என்றாள். ஆனால் அந்தப் பேச்சு மனசில் முள்ளாய்த் தைத்துக்கொண்டது.

பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பெண்ணுக்கும் பையனுக்கும் பிறந்த தேதி ஒரு கட்டம், நேரம் ஒரு கட்டம், வீட்டார் சொன்ன நட்சத்திரம் ஒரு கட்டம். வெப்சைட்டுக்காக இதை மாற்ற வேண்டும். தேதியும் நேரமும் ஒன்றாகிவிடும். நட்சத்திரக் கட்டத்தையே எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வராது.

மாற்றுவதற்கு ஒரு சின்ன புரோகிராம் போதும். வேறு யாராவது என்றால் அதை ஓடவிட்டுவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்கள். கைசர் கூடவே இன்னொன்றும் எழுதினாள், சோதனைக்கு. அது எல்லாவற்றையும் முதலில் ஒரு நகலில் மாற்றிப் பார்க்கும். ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கணித்த நட்சத்திரத்தை வீட்டார் சொன்னதோடு ஒப்பிடும். ஒன்று பிசகினாலும் அசலைத் தொடவிடாது. கேட்காத வேலையை எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறாய் என்று பக்கத்து நாற்காலி கிரீஷ் கிண்டலடித்தான்.

ஓடவிட்டாள். நூற்றுக்கணக்கில் பிசகியது. உன் சோதனையிலேயே கோளாறு இருக்கும் என்றான் கிரீஷ். அவளுக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். ஆனால் பிசகின பேர்களை வரிசையாகப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அத்தனை பேரும் நள்ளிரவுக்குப் பிறகு, விடிவதற்கு முன் பிறந்தவர்கள்.

வேறு யாருக்காவது இது உறைத்திருக்குமோ என்னவோ, அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அவள் வீட்டில் வியாழக்கிழமை சூரியன் இறங்கி மக்ரிப் பாங்கு சொன்னாலே வெள்ளிக்கிழமை வந்துவிடும். நாள் எங்கே தொடங்குகிறது என்பது வீட்டுக்கு வீடு வேறு என்று சின்ன வயசிலேயே தெரிந்தவள். இந்த ஜாதகக்காரர்களுக்குச் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். திங்கள் விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தையை ஞாயிறு ராத்திரி என்றுதான் சொல்வார்கள், அந்தத் தேதியைத்தான் எழுதியும் கொடுப்பார்கள். கம்ப்யூட்டருக்கோ பன்னிரண்டு அடித்தால் நாள் மாறியாயிற்று. அதனால் குழந்தையை முழுசாக ஒரு நாள் முன்னால் பிறக்கவைத்துவிடுகிறது. மகம் நட்சத்திரக்காரி ஆயில்யம் ஆகிவிடுகிறாள்.

ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது என்று பேச்சு. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எதிர்முனையில் போனை வைத்துவிடுவதை இந்த ஆபீசில் கைசர் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். அந்தப் பேச்சில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தன் புரோகிராமால் ஒரு பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்றபோது பொறுக்க முடியவில்லை.

சுந்தரராமனிடம் சொன்னாள். மறுநாள் காலை முகூர்த்தத்தில் வெப்சைட்டுக்குத் திறப்பு விழா, ஊர்ப் பெரிய மனிதர்களை எல்லாம் அழைத்தாயிற்று. அவர் காதில் ஏறவில்லை. அந்தச் சோதனையைத் தூக்கிவிட்டு மாற்றத்தை ஓடவிடு என்றார். பரம்பரையாகப் பஞ்சாங்கம் பார்க்கிற குடும்பம் எங்களுடையது, எனக்கே நீ சொல்லித்தருகிறாயா என்றும் கேட்டார்.

"உங்க பொண்ணு வைதேகி எப்ப சார் பொறந்தாங்க?" என்றாள் கைசர்.

அவர் யோசிக்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணரை மணி. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுண்டே இருந்தேன். விடிஞ்சு, திங்கக்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு வந்தேன். மகம்."

கைசர் திரையைத் திருப்பிக் காட்டினாள். பிசகின பேர்களில் அவளும் ஒருத்தி. வைதேகி, ஞாயிறு, மூன்றரை மணி. வீட்டார் சொன்னது மகம். கம்ப்யூட்டர் சொல்வது ஆயில்யம்.

மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கைசருக்கே பாவமாகிவிட்டது. புரிந்துகொண்டார், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "வைதேகியோடத மட்டும் இப்பவே கையால மாத்திடு. மத்ததை விழா முடிஞ்சப்புறம் பார்த்துக்கலாம்."

பாவம் பார்த்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. அடப்பாவி மனுஷா, மற்றவர்கள் பெற்றது பெண் இல்லையா?

"மாட்டேன் சார்," என்றாள். "மாத்தினா எல்லாருக்கும் மாத்துவேன். ஆனா இங்கிலீஷ் தேதியே எழுதினவங்களும் இருக்காங்க, மொத்தமா ஒரு நாள் கூட்டிட முடியாது. ஒவ்வொருத்தரா பார்த்து, தேவைப்பட்டா வீட்டுக்குப் போன் போட்டுக் கேக்கணும். நாளைக்குள்ள முடியாது."

அவர் கிரீஷைக் கூப்பிட்டு, அந்தச் சோதனையை நீ எடுத்துவிடு என்றார். கிண்டலடித்தவன்தான். ஆனால் அவன் திரையைப் பார்த்தான், கைசரைப் பார்த்தான், பிறகு கையைக் கட்டிக்கொண்டு, எனக்கும் மனசு வரவில்லை சார் என்று சொல்லிவிட்டான்.

"முகூர்த்தத்தைத் தள்ளிவெச்சா என் மானம் போயிடும்," என்றார் சுந்தரராமன், கைசரைப் பார்த்து. "அப்படி நீ தள்ளிவெக்க வெச்சேன்னா, இந்த வேலை முடிஞ்ச அன்னிக்கே உனக்கும் இங்க வேலை கிடையாது. யோசிச்சுச் சொல்லு."

பயமாகத்தான் இருந்தது. அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் தம்பி கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்தப் பயத்தை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தள்ளி வைங்க சார்," என்றாள்.

அவர் தன் அறைக்குப் போனார். விழாவுக்கு அழைத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து மன்னிப்புக் கேட்கும் சத்தம் வந்தது. கைசர் விடிவதற்கு முன் பிறந்தவர்கள் பட்டியலின் முதல் பேரில் தொடங்கினாள்.