ரத்தக் கணக்கில் எட்டு வருஷம்

இப்போதெல்லாம் எந்த டாக்டரும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ரத்தத்தை உறிஞ்சிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு, அது துப்புவதை வேதவாக்காக ஒப்பிக்கிறார்கள். எடைமேடைக்காரருக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. முப்பது வருஷமாக லாரிகளை எடை போடுகிறவர் அவர். தன் கண்ணால் பார்க்காத எடையை அவர் எடையென்றே ஒப்புக்கொண்டதில்லை.

பழைய காமாலைக் கிருமி அவர் ஈரலிலேயே குடித்தனம் நடத்துகிறதாம். ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று ரத்தமே சொல்லிவிடுமாம். பயமில்லை என்று டாக்டரம்மா சீட்டு கொடுத்தால்தான் திங்கட்கிழமை வேலை. இல்லாவிட்டால் வேறு ஆள் என்று ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா விசைகளைத் தட்டினார். ஈரல் நொதிகள் இரண்டின் அளவு, ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை, வயசு, நாலையும் போட்டுப் பெருக்கி வகுத்ததில் ஒன்று புள்ளி நாலு வந்தது. ஒன்று புள்ளி நாலு ஐந்துதான் கோடு, அதற்குக் கீழேதான், கவலையில்லை என்றார். பெரியவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

கூட வந்த மகள் திரையை எட்டிப் பார்த்தாள். வயசு ஐம்பத்தெட்டு என்றிருந்தது.

"அப்பாவுக்கு அறுபத்தாறு, டாக்டர்."

அறுபதில் வீட்டுக்கு அனுப்பும் ஆபீஸ் அது. வேலைக்குச் சேர்ந்தபோதே எட்டு வருஷத்தை விழுங்கி ஏப்பம் விட்டிருந்தார். சொல்லிச் சொல்லி நாக்குப் பழகி, இங்கே பேர் பதியும் இடத்திலும் அதையே சொல்லித் தொலைத்திருந்தார்.

டாக்டரம்மா வயசைத் திருத்தினார். ஒன்று புள்ளி ஆறு. கோடு தாண்டிவிட்டது. தழும்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை, இல்லையென்றும் அடித்துச் சொல்ல முடியாது, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சீட்டு என்றார்.

"அதே ரத்தம், அதே ஈரல். இவ வாயைத் திறந்ததும் கெட்டுப்போச்சாக்கும்?"

"வயசும் கணக்குல சேரும் பெரியவரே."

"லாரியை எடை போடறப்ப டிரைவர் வயசை நான் கேக்கறதில்லம்மா."

"லாரி போனா வேற லாரி வரும்ப்பா," என்றாள் மகள்.

அவர் குரலைத் தாழ்த்தி, இந்த வயசு ஆபீஸுக்குத் தெரியவேண்டாம் என்றார். ஆபீஸ் விவகாரம் எனக்கு எதற்கு, ஈரல்தான் என் பாடு, வேலைச் சீட்டில் வயசு எழுதுவதில்லை என்று டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். பெரியவர் அதையும் நம்பவில்லை. ஸ்கேன் தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அங்க எவனாவது வயசு கேட்டா நீ பேசக் கூடாது. ஈரலையே கேட்டுக்கட்டும்," என்று மகளிடம் சொல்லிவிட்டு, முணுமுணுத்தபடியே ஸ்கேன் அறைப் பக்கம் நடந்தார்.