மூழ்கிய திமிங்கிலம்

ஈட்டி பாய்வதற்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது. கயாக் என்ற ஒற்றையாள் படகில் கையை ஓங்கியபடியே கில்லாக் திகைத்துப்போனான். தந்தத் திமிங்கிலம் ஒருமுறை புரண்டு, ரத்தம் கக்கி, கல்லைப் போல அடிக்குப் போயிற்று. மூழ்காமலிருக்க முதலில் மிதவை கட்டிய ஈட்டி, அப்புறம்தான் குண்டு. கிரீன்லாந்தின் அந்த வடகோடி விரிகுடாவில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரிந்த முறை அது. மோட்டார் படகிலிருந்த மச்சான் எஸ்கிலுக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்த ஆண்டு கொல்ல அனுமதித்த கோட்டாவில் ஊருக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். எத்தனை கொல்லலாம் என்று எங்கோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் கூடி முடிவுசெய்கிறார்கள், திமிங்கிலத்தின் மூச்சு முகத்தில் பட்டறியாத கனவான்கள்! வேட்டைக்காரர்கள் சார்பில் அங்கே போய்ப் பேசியவன் கில்லாக். மூழ்கிப்போனதையும் மறைக்காமல் சொல்வோம் என்று அவன் கொடுத்த வாக்குக்குத்தான் ஐந்து கூடுதலாகக் கிடைத்தது.

கில்லாக் மோட்டார் படகில் ஏறியதும் எஸ்கில் இளித்தான்.

"யாரு பாத்தா மச்சான்? வாயை மூடிக்கிட்டா இன்னொண்ணு அடிச்சிக்கலாம்."

"நான் பாத்தேன்ல."

"குளிர்காலத்துல என் நாய்ங்களுக்கு உன் வாக்கையா வெட்டிப் போடுறது?"

ஊர் அலுவலகத்துக்குச் சொல்ல கில்லாக் ரேடியோவை எடுத்தான். துடுப்பு அவன் வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் தெறித்தன. அவன் எஸ்கிலின் கழுத்தைப் பிடித்துப் படகின் விளிம்பில் மண்டையை மோதினான். இருவரும் கட்டிப் புரண்டுகொண்டிருக்கையில் பக்கத்திலேயே இன்னொரு திமிங்கிலம் புஸ்ஸென்று மூச்சுவிட்டது. எஸ்கில் துப்பாக்கிக்குத் தாவினான். கில்லாக் அதைப் பிடுங்கிக் கடலில் வீசினான். பிறகு ரத்தத்தைத் துப்பிவிட்டு ரேடியோவில் சொன்னான்.

"ஒண்ணு சுட்டோம். மூழ்கிடுச்சு. கோட்டா முடிஞ்சுது."

அக்டோபரில் எஸ்கில் வாசலில் வந்து நின்றான்.

"துப்பாக்கி குடு. என்னுதுதான் கடல்ல கெடக்கே."

கில்லாக் தன் சீல் இறைச்சியில் பாதியை அவன் நாய்களுக்கு அனுப்பியிருந்தான். போதவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து ஏழு வெடிச்சத்தம் கேட்டது. எஸ்கிலின் சறுக்குவண்டி நாய்கள் மொத்தம் ஏழு.

"அடுத்த வருஷம் கூட்டித் தருவாங்க மச்சான்" என்றான் கில்லாக், துப்பாக்கியைத் திரும்ப வாங்கும்போது.

பனி உருகத் தொடங்கியபோது அந்தக் கனவான்களிடமிருந்து கடிதம் வந்தது. அந்த விரிகுடாவில் இனி ஒன்றுகூடக் கொல்லக்கூடாது. சுடப்பட்டவை மூழ்கி வீணாகின்றன என்று வேட்டைக்காரர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்களாம்.

கில்லாக் அதை எடுத்துக்கொண்டு எஸ்கில் வீட்டுக்குப் போனான். ஒரு வரி விடாமல் படித்துக்காட்டினான். அவமானத்தில் காது எரிந்தது. சுவரில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்து மச்சானிடம் நீட்டினான்.

"இன்னும் பல்லு இருக்கு, மச்சான்."

எஸ்கில் வாங்கி, அடித்தான்.