எங்கள் வீட்டு ஆண்களின் நெஞ்சு

1

இந்தக் கதை ஒரு டாக்டரின் சிரிப்பிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்மேல் சந்தேகப்பட வேண்டாம். சந்தேகப்படும் வேலையை இங்கே நானே பார்த்துக்கொள்கிறேன்.

நெஞ்சின் இடது பக்கம், சட்டைப் பைக்குக் கீழே, யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் ஒரு வலி. பல மாதங்களாக. டாக்டர் ஈசிஜி எடுத்தார், ட்ரெட்மில்லில் ஓடவிட்டார், ரத்தம் எடுத்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உங்க இதயம் நல்லா இருக்கு. பயம்தான் கொஞ்சம் அதிகமா இருக்கு," என்று சிரித்தார். நல்ல செய்தி சொல்பவர் அந்தத் தாளை ஏன் அவ்வளவு அவசரமாக மடித்தார்? சிரிப்பு ஏன் கண்வரைக்கும் போகவில்லை?

வெளியே வந்தால், அக்கா வரவேற்பு மேசைமேல் குனிந்து நர்ஸிடம் ஏதோ தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"என்னடா சொன்னாரு?" என்றாள், தாடையைத் தடவிக்கொண்டே.

"ஒண்ணும் இல்லையாம்."

"அதுக்கு ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? ஏதாவது இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பே போல."

"நர்ஸ்கிட்ட என்ன கேட்டே?"

"பாத்ரூம் எங்கன்னு கேட்டேன்."

பாத்ரூம் என்று கொட்டை எழுத்தில் எழுதிய பலகை அவள் தலைக்கு மேலேயே தொங்கியது. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டாக்டரும் அக்காவும் சேர்ந்துகொண்டு என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

2

என்னைப் பற்றியே எழுதினால் அனுதாபம் தேடுகிறான் என்பார்கள். அதனால் 'அவன்' என்று ஒருவனைப் பிடித்தேன்.

முதல் தொடக்கம்: "அவனுக்கு நெஞ்சு வலித்தபோது வெளியே மழை பெய்து—"

(வேண்டாம். நெஞ்சு வலிக்கிற கதையில் எல்லாம் மழை பெய்கிறது. வெயிலில் யாருக்கும் வலிக்காதா?)

இரண்டாம் தொடக்கம்: "வங்கியில் வேலை பார்த்த அவன்—"

(வங்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வரிசையில் நிற்கத் தெரியும்.)

மூன்றாம் தொடக்கம்: "கட்டடங்களின் கூரையில் இருக்கும் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பரிசோதிப்பது அவன் வேலை."

இது என் வேலை. வேஷம் இரண்டு வரிகூடத் தாங்கவில்லை. போகட்டும், அவனுக்கு என் வேலையும் இருக்கட்டும், என் வலியும் இருக்கட்டும், என் குடும்பமும் இருக்கட்டும்.

அவன் அப்பா ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அவன் சித்தப்பா போனில் யாரிடமோ, "ஒரு நிமிஷம் இருங்க," என்றார். எதிர்முனைக்காரர் பாவம், காத்திருந்தார். இருவருக்கும் அப்போது அவனுடைய இப்போதைய வயதுதான். "நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு நெஞ்சு சரியில்ல" என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் வாக்கியம். மூக்கு நீளம், கோபம் ஜாஸ்தி என்பதுபோல அதையும் சொல்வார்கள். முதலில் சொன்னது அத்தை.*

* அத்தை, அப்பாவின் அக்கா. ஒரு மத்தியானம் அசதியாக இருக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கதைக்கு அவள் தேவைப்பட மாட்டாள். வாக்கியம் அவளுடையது என்பதால் சொல்லிவைத்தேன்.

3

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் அக்காதான். எப்போது கூப்பிட்டாலும் வருகிறாள். அலுத்துக்கொள்வதில்லை. இப்படி ஒருத்தியை எழுதினால் எந்த வாசகர் நம்புவார்? உள்நோக்கம் இல்லாமல் யாராவது இவ்வளவு நல்லவளாக இருப்பார்களா? அவளை மாட்டிவைக்க ஒரு காட்சி எழுதினேன். நடந்ததை நடந்தபடியே எழுதினேன், சோம்பேறித்தனம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. அக்காவின் தையல் கடைக்கு ஓடுகிறான். பழைய உடுப்புகளை உடம்புக்குத் தக்கபடி பிரித்துத் தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை. அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் அவள் வீடு, லிஃப்ட் கிடையாது. அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவனை மேலே கூட்டிப்போகிறாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள்.

"ஏன் நின்னுட்டே?"

"சாவியத் தேடுறேன்டா."

"கையிலதானே வச்சிருக்கே?"

"அட, ஆமால்ல."

(நல்ல இடம். சிரிப்பு வரும். வைத்துக்கொள்ளலாம்.)

வீட்டில் அவனை நாற்காலியில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறாள். "ஓடுது, ஓடுது. உன்னைவிட அது சுறுசுறுப்பா இருக்கு." ஒரு தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைக்கிறாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ சாப்பிடல?"

"வயித்தப் பிரட்டுது. நீ சாப்பிடு."

அவன் சாப்பிடுகிறான். அவள் எதிரில் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டு பார்க்கிறாள். பல் வலியாம். பிடுங்கணுமாம். அவள் பார்வையில் இரக்கம் இருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. சாகப் போகிறவனைப் பார்க்கிற இரக்கம். டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார், சந்தேகமே இல்லை.

4

கதையை நிறுத்திவிட்டு என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். (கட்டுரை வாசனை அடிக்கிறது என்றால் தாண்டிப் போங்கள். இல்லை, தாண்டாதீர்கள்.)

ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு கருவி இருக்கும், சும்மா சும்மா அலறும். யாராவது ரொட்டி வாட்டினால் அலறும், குளியலறைக் கதவைத் திறந்தால் அலறும். எங்கள் நாள் முழுக்க அதன் கீழேயே போகும். ஏணியைப் போடுவோம், கழற்றுவோம், தூசி தட்டுவோம், திட்டுவோம். பக்கத்து அறையில் ஒன்று அமைதியாக இருக்கும். அதற்கு நேரமே மிஞ்சாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "இது தங்கம்," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அது நன்றாக இருப்பதால் அமைதியாக இருக்கிறதா, செத்துப்போனதால் அமைதியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஏணி ஏறிப் புகை காட்டிப் பார்க்க வேண்டும்.

இதை ஏன் சொன்னேன்? 'அவன்' நெஞ்சு அந்த அலறும் கருவி என்று நயமாகச் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்றுதான். பாராட்டு ஆசையில் எழுதிய பத்தி. மேற்கொண்டு யோசிக்கவில்லை.

முடிவு மட்டும் அமையவில்லை. முயன்றவை:

(அ) டாக்டர் சொன்னது பொய். அவன் கதவருகே விழுகிறான். (எல்லோரும் எதிர்பார்ப்பது. நானும்தான்.)

(ஆ) அது வெறும் பயம் என்று உணர்கிறான். தினமும் நடக்கப் போகிறான், மூச்சுப் பயிற்சி செய்கிறான், பூச்செடி— (ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டத்தான் ஆகும்.)

(இ) அக்காவின் சதி வெளிப்படுகிறது. அவள் நர்ஸிடம் கேட்டது என்ன என்று—

இந்த இடத்தில் நின்றுவிட்டேன். அவள் என்ன கேட்டாள் என்று எனக்கே தெரியாது.

5

என் மனைவிதான் எனக்கு முதல் வாசகி. என் கதைகளைப் படிக்கும் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வாள். குற்றம் கண்டுபிடிக்கத் தயாராகிறாள் என்று அர்த்தம். மேலே உள்ள நான்கு பகுதிகளையும் படித்தாள். எங்கேயும் சிரிக்கவில்லை. சாவி இடத்தில்கூட.

"எப்படி?"

"உங்க அக்கா ஏன் எல்லாப் பக்கத்துலயும் தாடையத் தடவிக்கிட்டே இருக்காங்க?"

"நிஜமாவே அப்படித்தான் பண்ணுறா. பாத்து எழுதினேன். பாத்திரம் உயிரோட இருக்க வேணாமா?"

"மாடிப்படியில நின்னது?"

"அதுவும் நிஜம்தான்."

"சாப்பிடாம இருந்தது?"

அவள் தாளைப் பின்னால் புரட்டினாள். அத்தையைப் பற்றிய அடிக்குறிப்பில் விரலை வைத்தாள்.

"இவங்க எதனால செத்தாங்க?"

"அசதி."

"அசதியில யாருங்க சாவாங்க?"

தாடை வலி, படியில் மூச்சு, வயிற்றுப் பிரட்டல்: இதய நோய் இப்படியும் வரும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். அப்பாவின் ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது என்று இத்தனை வருஷம் பயந்திருக்கிறேன். அதே அப்பாவுக்குத்தான் அவளும் பிறந்தாள் என்பது ஒருநாளும் தோன்றவில்லை. 'ஆம்பளைங்க' என்ற ஒரு சொல் எங்கள் எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டது. எந்த டாக்டர் கேட்டாலும் அப்பா, சித்தப்பா என்று ஒப்பித்திருக்கிறேன். அத்தையை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். தையல் மிஷின் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு நர்ஸ்கிட்ட என்ன கேட்டே? உண்மையச் சொல்லு."

மிஷின் நின்றது. "தோள்பட்டை குடையுது, யார்கிட்ட காட்டணும்னு கேட்டேன். நீ பயந்து போய் வந்தே, உன்கிட்ட எதுக்கு அதெல்லாம். நாள் பூரா குனிஞ்சே கெடந்தா குடையாதா?"

"இப்போ குடையுதா?"

"கொஞ்சம்," என்றாள்.

"கடையச் சாத்திட்டு உள்ளேயே உக்காரு. மாடி ஏறாத. வண்டியோட வர்றேன்."

6

இதை ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். 'அவன்' போய்விட்டான். எனக்கு அவன் இனித் தேவையில்லை.

உள்ளே போகும் முன் நர்ஸ் அக்காவிடம் கேட்டாள்: "வீட்டுல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை இருந்திருக்காம்மா?"

"எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குத்தான்—"

"அத்தைக்கும்," என்றேன்.

அக்கா திரும்பினாள். "அத்தை அசதின்னு படுத்தாங்கடா..." சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது. தாடையில் இருந்த கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தோம்.

பிறகு அவள் தன் பையை என்னிடம் நீட்டினாள். "இதப் புடி. கத்தரி இருக்கு, குத்திக்காத. அப்புறம், கதை எழுதுறியாமே? உன் பொண்டாட்டி சொன்னா. அதுல என்னைச் சாகடிச்சே, உன்னைச் சும்மா விடமாட்டேன்."

அவள் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. அதே டாக்டர்தான் உள்ளே போனார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நான் அவ்வளவு சந்தேகப்பட்ட அந்தச் சிரிப்புக்காக இப்போது எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வழக்கப்படி முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

(அ) அவள் வெளியே வந்து, "பல்லுதான்டா, சொன்னேன்ல? வேலையக் கெடுத்திட்டியே," என்று திட்டுகிறாள். (திட்டட்டும். ஆயுசுக்கும் திட்டட்டும்.)

(ஆ) டாக்டர் மட்டும் வெளியே—

(இதை முடிக்க மாட்டேன். எந்த இலக்கியத்துக்காகவும் மாட்டேன்.)

ஆக, முடிவு உங்கள் பொறுப்பு. ஆனால் உங்களையும் நான் முழுசாக நம்பவில்லை. மாடித் திருப்பத்தில் அவள் நின்றபோது நீங்களும் சாவியைத்தானே பார்த்தீர்கள்? அத்தையின் அடிக்குறிப்பைத் தாண்டித்தானே போனீர்கள்? நான் சத்தம் போட்டேன், நீங்களும் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் பார்த்து எழுதுங்கள்.

எனக்கு இப்போது வலிக்கிறதா என்றால், வலிக்கிறது. அதே இடம், அதே கட்டைவிரல். அலறட்டும். இன்றைக்கு ஏணி அங்கே இல்லை.

கதவின் கைப்பிடி அசைகிறது. பேனாவை மூடுகிறேன். அவள் பை என் மடியில் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள அவள்தான் வர வேண்டும்.