பெட்ரோல் வாடை

மகள் போனை வைத்ததும் மெக்கானிக் தன் கராஜுக்குப் போனார். பெட்ரோல் பேசினுக்கு மேல் முகத்தைக் கவிழ்த்து மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் குனிந்தார், மூக்கு நுனி நனையாத குறை. ஊறிக் கிடந்த செயினும் கார்புரேட்டரும் கண்ணுக்குத் தெரிந்தன, மூக்குக்கு எட்டவில்லை. பச்சைத் தண்ணீரை மோந்தது போல இருந்தது. அட, இதென்ன கூத்து என்று நிமிர்ந்தவருக்கு அப்புறம் இருப்புக் கொள்ளவில்லை.

மகள் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தாள். "கொழந்தைக்கு மூச்சு இன்னும் கொஞ்சம் வீக்காத்தான் இருக்குப்பா. பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடையே ஆகாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாங்க. நம்ம வீட்ல அது போனா சொல்லுங்க, வரேன். இல்லன்னா அத்தை வீட்லயே இருந்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க." கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பேத்தியை அவர் இன்னும் தொட்டதுகூட இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. உள்ளே இன்குபேட்டர் பெட்டிக்குள் கிடந்த அது ஒருமுறை காலை உதைத்தது. அந்த ஒரு உதையை நினைத்து நினைத்துத்தான் இத்தனை நாளாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

வேலையை விட்டுவிட முடியாது. வீட்டோடு ஒட்டிய இந்தக் கராஜில் ஓடும் இரண்டு சக்கர வண்டி வேலைதான் சோறு போடுகிறது. வண்டியைப் பிரித்தால் பாகங்களைக் கழுவித்தான் ஆக வேண்டும். வாலிபத்தில் கற்றது பெட்ரோலில் கழுவ, இன்றுவரை அதேதான். ஆக, கழுவும் விதத்தை மாற்ற வேண்டும். பாகம் கழுவும் மெஷின், பார்ட்ஸ் வாஷர் ஒன்று வாங்கிவிடுவது என்று அன்றைக்கே கிளம்பினார். கடையில் சிவப்புப் பெயின்ட் அடித்து மினுமினுவென்று ஒன்று நின்றது. விலை கிடக்கட்டும், அதற்குள் ஊற்றுவதே மண்ணெண்ணெய்க்குத் தம்பி மாதிரி ஒரு சரக்கு. பேயை ஓட்டிப் பிசாசைக் கூட்டி வந்த கதையாகிவிடும். மேசைமேல் வைக்கிற சின்னது ஒன்று மலிவாக இருந்தது, அதில் கிளட்ச் மூடிகூடக் கொள்ளாது. மூடிப்போன பட்டறை ஒன்றில் பழையது கிடப்பதாகச் சொன்னார்கள். போய்த் தூக்கிப் பார்த்தால் அடித்தகடு துருவேறி, விரலால் குத்தினால் ஓட்டை விழும்போல் இருந்தது.

கடைசியில் தானே செய்வது என்று முடிவு. பழைய சாமான் கடையில், இடித்த ஓட்டல் ஒன்றின் பாத்திரம் கழுவும் ஸ்டீல் தொட்டி கிடைத்தது. அதற்கு இரும்பில் கால் பற்றவைத்தார். அடியில் பாதியாக அறுத்த டிரம், அதற்குள் ஒரு சின்ன பம்பு, தண்ணீரை இளஞ்சூடாக்க ஹீட்டர். நீரில் கலக்கிற, வாடையில்லாத, கிரீஸ் எடுக்கும் லிக்விட். தொட்டியிலிருந்து அழுக்கு இறங்கும் வழியில் துணி வடிகட்டி. மேலே, எந்தப் பக்கமும் வளைகிற குழாயின் நுனியில் ஒரு பிரஷ். எல்லாம் சரிதான், ஆனால் மனிதருக்குப் பொறுமை ஏது? இளஞ்சூட்டில் கிரீஸ் மெதுவாகத்தான் கரையும் என்று லிக்விட் விற்றவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இவர் ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு நின்றார். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது, பிளாஸ்டிக் பம்பு முக்கி முனகி உயிரை விட்டது.

"பெத்தவ அங்க நிம்மதியா இருக்கா, நீங்கதான் இங்க குட்டி போட்ட பூனையா அலையறீங்க," என்றாள் மனைவி, ஈரத் தரையைத் துணியால் ஒற்றியபடி. "பதறாத காரியம் சிதறாதுங்க."

"பம்புதான போச்சு, உசுரா போச்சு?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பம்பு வாங்கப் போனார்.

இரண்டாவது பம்பு ஓடியது. முதலில் கழுவிய பல்சக்கரம் வெள்ளிபோல் மின்னியது. இவர் அதை மனைவியிடம் காட்டக் கூப்பிட்டு, அவள் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் மேலே செந்துரு பூத்துவிட்டது. தண்ணீர் வேறு, பெட்ரோல் வேறு. கழுவியதும் காற்றடித்து உலர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு துடைக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. சரி, அதையும் பழகினார். பெட்ரோல் பேசினையும் பழைய கந்தல்களையும் ஏறக்கட்டினார். தரையைச் சுரண்டிக் கழுவினார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். இன்று காலை பல் துலக்கிய கையோடு மகளுக்குப் போன் போட்டார். "வாடை சுத்தமா போயிடுச்சும்மா. கெளம்பி வா."

"போயிடுச்சுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"உங்களுக்குத்தான் மூக்கு செத்துப் போச்சே. உங்களோட குடும்பம் நடத்தி எனக்கும் ஒண்ணும் தெரியறதில்ல. மோந்து பாக்காமயே பச்ச ஒடம்புக்காரிய வரச் சொல்லிட்டீங்களா? அவங்க இந்நேரம் கார் ஏறியிருப்பாங்க!"

மோந்து பார்க்கத் தெரிந்த மூக்கு அந்தத் தெருவில் ஒன்றுதான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்தான். அவள் தைத்துக் காற்றாட மாட்டிய புதுத்துணியில் பெட்ரோல் வாடை ஏறி, வாடிக்கைக்காரி அதை இவள் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டுப் போக, மதில் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து நியாயம் கேட்டாள். அன்றைக்கு இவர் இருந்த எரிச்சலில், "மூக்கப் பொத்திக்கிட்டுத் தையேன்," என்றுவிட்டார். அதோடு பேச்சு நின்றது. இப்போது எந்த முகத்தோடு போவது? ஆனாலும் போனார். மானத்தைப் பார்த்தால் பேத்தி வரமாட்டாள்.

"என்ன, வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்தபடி.

"அன்னிக்கி நான் பேசினது தப்பு. அத அப்புறமா வச்சுத் திட்டு. இப்ப வந்து கராஜ மோந்து மட்டும் பாரு. பேத்தி வரா."

பேத்தி என்றதும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். கராஜின் மூலைமுடுக்கெல்லாம் நின்று மூச்சை இழுத்தாள். தொட்டிக்கு மேல் குனிந்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். அவர் அவள் பின்னாலேயே, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நடந்தார்.

"துளி வாடை இல்ல. சோப்புத் தண்ணி வாசம்தான்," என்றாள். அவருக்கு மூச்சு வந்தது. வெளியேற அவரைக் கடந்தவள், நின்றாள். "கையக் காட்டுங்க."

காட்டினார். உள்ளங்கையை மோந்தாள். நகக்கண்களை மோந்தாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"வாடை இங்க இருக்கு, அண்ணே."

எத்தனை காலத்துக்கப்புறம் கேட்கிற அண்ணே! ஆனால் அதை அனுபவிக்க முடியவில்லை. அவள் போனதும் பம்பைப் போட்டு, முழங்கைவரை இரண்டு கைகளையும் தொட்டிக்குள் நீட்டினார். குழாய்ப் பிரஷை எடுத்து, கியர்ப் பல்லைத் தேய்ப்பதுபோல் தேய்த்தார். வெடிப்புகளில் சுரீரென்று எரிந்தது. தோல் சிவந்தது. மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, எப்படித் தெரியும்! மறுபடி தேய்த்தார். பாகமென்றால் பிரித்துப் போட்டுக் கழுவலாம். கையை எங்கே கழற்றுவது என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். மனைவியின் குரல், மகளின் சிரிப்பு. மகள் வீட்டுக்குள் போகாமல் நேரே கராஜுக்குத்தான் வந்தாள், தோளில் துணிச்சுருளாகக் குழந்தை. வாசற்படியில் நின்று, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தாள்.

"அப்பா! நெசமாவே இல்லப்பா!" என்று மலர்ந்தாள். மூன்றே எட்டில் அருகில் வந்து, தலைக்குக் கை கொடுத்துக் குழந்தையை அவர் பக்கம் நீட்டினாள். "இந்தாங்க, பிடிங்க உங்க பேத்திய."

அவர் கைகள் முன்னால் போயின. போன இடத்தில் அப்படியே நின்றன.

"மொதல்ல இத மோந்து பாரும்மா," என்றார்.

மகளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது. குழந்தையை மறுபடி தோளில் சாய்த்து, ஒரு கையால் அதன் முகத்தை மறைத்துக்கொண்டு, சிவந்து ஈரம் சொட்டிய அந்த இரண்டு உள்ளங்கைகளை நோக்கி அவள் குனிந்தாள். அவருக்கு அவளுடைய தலை வகிடு மட்டும்தான் தெரிந்தது. பின்னால் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தோளுக்கு மேலே துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கால் வெளியே வந்து, காற்றில் ஒருமுறை உதைத்தது.