சுருக்கமா, மடிப்பா

பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் என்பதால், அந்தப் பீங்கான் கம்பெனியில் சேர்ந்த ஐந்தாம் மாதமே அறிக்கை எழுதும் வேலை ஆக்னஸிடம் வந்துவிட்டது. கோப்பைகளில் படம் ஒட்டும் பெண்கள் பழுதைத் தமிழில் சொல்வார்கள். அதை அவள் இங்கிலீஷில் எழுதி மேனேஜர் ராஜ்மோகனின் போனுக்கு அனுப்ப வேண்டும். அவர் சரி என்றால்தான் கோப்பை சூளைக்குப் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாரியம்மாள் அவளைக் கூப்பிட்டாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து பதினான்கு வருஷமாகப் படம் ஒட்டுகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஈரப் படத்தில் விரலை ஓட்டியே பழுதைச் சொல்லிவிடுவாள்.

"பாப்பா, இந்தப் படம் பூரா மடிப்பு வுழுந்து வந்திருக்குது. வெறும் சுருக்கம்னா ரப்பரால தேச்சா போயிடும். மடிப்பு போவாது, சூளையில வெச்சா கோடா நின்னுடும். அனுப்ப வேணாம்னு எழுது."

ஆக்னஸ் போனில் தேடினாள். 'ரிங்கிள்' என்றாலும் சுருக்கம், மடிப்பு என்று காட்டியது. 'கிரீஸ்' என்றாலும் அதேதான். எதைப் போட்டால் என்ன என்று, முகக் கிரீம் விளம்பரத்தில் கேட்டுப் பழகிய ரிங்கிளையே எழுதினாள். மேனேஜருக்கு நாம் என்ன புத்தி சொல்வது என்று, 'அனுப்ப வேண்டாம்' என்பதை விட்டுவிட்டாள்.

'தேய்த்துவிட்டுச் சூளையில் ஏற்று' என்று பதில் வந்தது. மாரியம்மாள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மற்ற பெண்கள் பேருக்குத் தேய்த்து ஏற்றிவிட்டார்கள்.

வியாழக்கிழமை சூளையைத் திறந்தபோது, ஒரு மாதா கோயில் பொன்விழாவுக்கென்று செய்த அறுநூறு கோப்பையிலும் மாதாவின் முகத்துக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடியது.

ராஜ்மோகன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். அவர் கேட்பதற்கு முன்பே ஆக்னஸ் சொல்லிவிட்டாள்.

"அக்கா சுருக்கம்னுதான் சார் சொன்னாங்க."

"மடிப்புன்னுதான் சார் சொன்னேன்" என்றாள் மாரியம்மாள்.

"படிச்ச பொண்ணு பொய் சொல்லுதா? இங்க வாம்மா, வித்தியாசம் கத்துக்க" என்று மாரியம்மாளை அழைத்தார் ராஜ்மோகன்.

அவர் ஒரு தாளை மடித்து நகத்தால் அழுத்தினார். "இது கிரீஸ்." மாரியம்மாளின் முகவாயைப் பேனாவால் நிமிர்த்தினார். "எல்லாரும் பாருங்க, இது ரிங்கிள். எத்தனை தேச்சாலும் போவாது." யாரோ சிரித்தார்கள். பிறகு தாளைக் கசக்கி அவள் காலடியில் போட்டார். "இது கிரம்பிள். நாளையிலேருந்து நீ வர வேணாம்."

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தன் குரலும் இருந்ததை ஆக்னஸ் கேட்டாள். அவளுக்கு ஒரேயடியாக மனசு லேசாகிவிட்டது.

சாயங்காலம் கேட்டருகே மாரியம்மாள் காத்திருந்தாள். கோபமே இல்லை.

"பாப்பா, நெசத்த சொல்லு. நான் மடிப்புன்னுதான சொன்னேன்?"

சுற்றிலும் யாருமில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

"இல்லக்கா. சுருக்கம்னு சொன்னீங்க. மறந்துட்டீங்க."

மாரியம்மாள் தன் விரல்களைப் பார்த்தாள். "அப்படியா... எனக்கு மடிப்புன்னு சொன்ன மாதிரியே இருக்குது" என்று முனகிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஆறு மாதம் கழித்து விருத்தாசலம் பஸ் நிலையத்தில் ஆக்னஸ் அவளைப் பார்த்தாள். மகன் பழமலைநாதன் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தான். மாரியம்மாள் எதையோ முணுமுணுத்து, உடனே தலையை ஆட்டி அதை மறுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான ஆக்னஸ் மேடம்? அம்மா சொல்லியிருக்குது, அதுக்கு மறதின்னு நீங்கதான் மொதல்ல கண்டுபுடிச்சீங்கன்னு" என்றான் மகன். "வூட்டுல அடுப்புக்கிட்டகூட வுடறதில்லைங்க. உப்பு போட்டியான்னா போட்டேங்கும், அப்பறம் அதுக்கே சந்தேகம் வந்துடும். இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். எப்பலேருந்து மறதின்னு டாக்டரு கேப்பாரு. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

மாரியம்மாள் ஆக்னஸையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் என்ன சொன்னாலும் அதுதான் நிஜம் என்பதுபோல.

அவள் ஏற வேண்டிய சேத்தியாத்தோப்பு பஸ் ஹாரன் அடித்தது. ஆக்னஸ் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"நான் கம்பெனியில சேர்றதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்ங்க" என்றாள்.

அவன் அதைத் தன் போனில் எழுதிக்கொண்டான்.