ஏழு புள்ளி ஆறு

ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்ததும் டீ மாஸ்டருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏழு புள்ளி ஆறு. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் எட்டு புள்ளி ஒன்று இருந்தது. இரண்டு மாதம் நாள் தவறாமல் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் மனைவியின் ரத்தம் ஏறாமல் இறங்கியிருக்கிறதென்றால் என்ன அர்த்தம்? மாத்திரை போலி. வேறென்ன?

"என்ன சிஸ்டர், சுண்ணாம்ப உருட்டிக் குடுக்குறீங்களா?" காலி அட்டைகளை மேஜைமேல் பரப்பினான். "எண்ணிப் பாருங்க. நானே என் கையால குடுத்திருக்கேன்."

காலையிலிருந்து அறுபது வயிற்றைத் தொட்டுப் பார்த்திருந்த நர்ஸுக்கும் பொறுமை மிச்சமில்லை. "கத்தாதீங்க. ஏழுக்குக் கீழ போச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தணும். பிரசவத்துல ரத்தம் போனா தாங்க வேணாமா? உயிர் சமாச்சாரம் இது."

பயம் வந்தாலும் அவனுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். மனைவி பெஞ்சில், வெளுத்த முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் மூத்தவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மூத்ததுக்கு என்ன வயசு?"

"ஒண்ணே கால்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "போன பிரசவத்துல போன ரத்தமே இன்னும் ஊறல. அதுக்குள்ள என்னங்க அவசரம் உங்களுக்கு?"

வரிசையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாஸ்டர் மின்விசிறியை அண்ணாந்து ஆராய்ந்தான்.

"சாப்பாடு?"

"எல்லாருக்கும் போட்டுட்டுச் சாப்பிடுவா."

"மிச்சம் இருந்தாவா?"

மாஸ்டர் மேஜைமேல் கிடந்த காலி அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினான்.

"மாத்திரைய எதுல குடுக்குறீங்க?"

இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தான். "அந்த வாடை அவளுக்குக் குமட்டுது சிஸ்டர். அதனால முதல் டிக்காஷன்ல கெட்டியா ஒரு டீ போட்டு அதோடதான் குடுப்பேன். சாப்பிட்டதும் இன்னொண்ணு. நம்ம டீயக் குடிச்சா செத்தவனும் எழுந்து உக்காருவான்!"

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! டீ இரும்புச்சத்த உடம்புல சேர விடாதுய்யா. ஒரு கையால குடுத்து மறு கையால புடுங்கியிருக்கீங்க. தண்ணியில குடுங்க, எலுமிச்ச பிழிஞ்சு. டீ அந்தப் பக்கமே வரக்கூடாது. மூணு வாரம் கழிச்சு வாங்க, பாப்போம்."

டீயா? அவன் டீயா? கடைத்தெருவே கைகட்டி நின்று வாங்கிக் குடிக்கிற டீயா? தெருவில் இறங்கியும் அவனுக்கு ஆறவில்லை. முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? மருந்துக் கம்பெனிக்காரன் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் என்ன? பார்த்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தான். இருபது அடி தள்ளித்தான் மனைவி பின்னால் வரவில்லை என்று தெரிந்தது. குழந்தையைத் தோளில் போட்டபடி, ஒரு கடையின் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். கொஞ்சம் இறங்கி வந்து, "இனிமே உனக்கு டீ கிடையாது. கஷ்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்க" என்றான்.

"எனக்கு டீயே புடிக்காதுங்க."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி! தினம் நல்லா இருக்குன்னியே?"

"எப்படி இருக்குன்னு கேட்டீங்க, சொன்னேன். வேணுமான்னு ஒரு நாளும் கேக்கலையே."

சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் சர்க்கரை எத்தனை கரண்டி என்று அவனுக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் மாறுகிற வாய் ருசியெல்லாம் மனப்பாடம். இவளைப் பற்றி என்ன தெரியும் என்று யோசித்தான். யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வந்தது, இந்த முறை தன்மேலேயே.

"சரி, இப்பக் கேக்குறேன். என்ன வேணும் உனக்கு?"

அவள் சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள்.

"சொல்லித் தொலையேன்!"

எதிர்க்கடைக் கடிகாரத்தில் மணி மூன்று. கிளம்பும் முன் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் குழந்தைக்கும் அவள்தான் பரிமாறியிருந்தாள்.

"பசிக்குதுங்க" என்றாள்.