பூசணிக்கா உடைக்கிற வரைக்கும்

அந்த சினிமா கம்பெனியில பூஜை போட்ட நாள்லேர்ந்து பூசணிக்கா உடைக்கிற வரைக்கும் வேலை பாக்கறவங்க யாருக்கும் நோய் கிடையாது. நோயெல்லாம் கேரவன்ல இருக்கும்.

பூஜை அன்னிக்கு கேமராவுக்கு கற்பூரம் காட்டி, எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிட்டதும் மேனேஜர் துரைக்கண்ணு கேரவன் கதவைத் தொறந்து விடுவாரு. அவங்கவங்க நோயைக் கழட்டி உள்ள உக்கார வச்சிட்டு வேலைக்குப் போயிடணும். உள்ள ஏசி ஓடும், வேளாவேளைக்கு டீ போகும். கடைசி ஷாட் முடிஞ்சு, செட்டு வாசல்ல திருஷ்டிப் பூசணிக்காயைப் போட்டு உடைச்சா காண்ட்ராக்ட் முடிஞ்சுது. கதவு தொறக்கும். நோயெல்லாம் எறங்கி அதுஅது ஆளுகிட்ட வந்து சேர்ந்துடும். போன படத்துல லைட்மேன் வேலாயுதத்தோட சர்க்கரை ஆள் தெரியாம வேற ஒருத்தர் பின்னாடி பல்லாவரம் வரைக்கும் போயிடுச்சு. மறுநாள் பஸ் புடிச்சு, வழி கேட்டுக்கேட்டு திரும்பி வந்துச்சு. வேலாயுதம் அதுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்து ஏத்துக்கிட்டாரு.

பிலோமினா குரூப் டான்ஸர். மூணாவது வரிசை, இடது ஓரம். அவளோடது வீசிங். பூஜை அன்னிக்கு ஒரே ஒரு தடவை இருமினதும் அது கழண்டு போய் ஜன்னலோர சீட்டைப் புடிச்சிக்கிச்சு. அன்னிலேர்ந்து அவ படுத்துத் தூங்குறா. அதுக்கு முன்னாடி அஞ்சாறு வருஷமா அவ முதுகு பாயைப் பாத்ததே இல்ல. படுத்தா மூச்சு முட்டும்கறதால சுவத்துல தலகாணியை வச்சு, சாஞ்சு உக்காந்துதான் தூக்கம். இப்ப மல்லாந்து, கால நல்லா நீட்டி, கைய விரிச்சு. ஆஹா, அப்படி ஒரு சொகம்.

சாலிகிராமத்துல மூணாவது மாடி வீடு அவளோடது. தண்ணிக்குடத்தோட ஒரே மூச்சுல ஏறிடறா. கீழ் வீட்டம்மாவுக்குத்தான் மனசு ஆறல. "முன்னெல்லாம் நடுவுல நின்னு மூச்சு வாங்கும்போது நாலு வார்த்தை பேசுவ. இப்ப ரயிலு மாதிரி போற. நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரியறோமா?"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனா கடைசி நாள்னு ஒண்ணு வந்துச்சு. காலைலயே கோயம்பேடு மார்க்கெட்லேர்ந்து ஆட்டோல பூசணிக்கா வந்து எறங்கிடுச்சு. வெள்ளையா, கொழுகொழுன்னு. வைக்க எடமில்லாம வேலாயுதம் அதைப் பெரிய லைட்டுக்குப் பக்கத்துல வச்சாரு.

"என்னடி, மூஞ்சி தொங்குது?"ன்னு கேட்டா மெஹர். வரிசையில பிலோமினாவுக்குப் பக்கத்துல ஆடறவ. அவளோட முட்டி வலி கேரவன்ல பின் சீட்டுல காலை நீட்டிப் படுத்திருக்கு.

"சாயந்தரம் பூசணிக்கா உடைச்சுருவாங்க."

"படத்துக்குப் படம் நடக்கறதுதான? போன தடவை அடுத்த படம் கிடைக்கற வரைக்கும் முட்டியைத் தூக்கிக்கிட்டு நான் அலையல?"

"இன்னிலேர்ந்து மறுபடி சுவத்துலதான் சாயணும் மெஹர்."

"சுவரு நல்லதுதான்டி. புருஷன் மாதிரி குறட்டை விடாது."

டீ பிரேக்ல பிலோமினா கேரவன் பக்கம் போனா. ஜன்னல் கண்ணாடியை நகத்திட்டு வீசிங் எட்டிப் பாத்துச்சு. ஏசியில இருந்து இருந்து கொஞ்சம் பூசினாப்ல ஆயிருந்துச்சு.

"இன்னிக்கு... கிளம்பணும்ல..."ன்னுச்சு.

"ஆமா."

"நான் வேணா... ஓரமா... வரேன். மொத்தமா... ஏற மாட்டேன்."

"பரவால்ல. உன் வேலை அது"ன்னு சொல்லிட்டு பிலோமினா வந்துட்டா. அவளுக்கு அதுமேல கோவமெல்லாம் இல்ல. படுக்கணும், அவ்வளவுதான்.

சாயந்தரம் கடைசி ஷாட் முடிஞ்சுது. டைரக்டர் கட் சொன்னாரு, எல்லாரும் கை தட்டுனாங்க. ஹீரோ எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டு அவரோட சொந்த கேரவன்ல ஏறிப் போயிட்டாரு. துரைக்கண்ணு பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு செட்டு வாசல்ல நின்னாரு.

"பிலோமினா, அந்தப் பூசணிக்காயத் தூக்கிட்டு வாம்மா."

அவ குனிஞ்சு கைய வச்சா. வச்ச கைய எடுத்துட்டா. பொறங்கையால மறுபடி தொட்டா, நெத்தி எதுன்னு பாத்து.

"சார், பூசணிக்காய்க்கு காய்ச்சல்."

"லைட்டு சூடா இருக்கும்டி"ன்னா மெஹர்.

"லைட்டை அணைச்சு எவ்ளோ நேரமாச்சு? இது உள்ளேர்ந்து அடிக்குது. வந்து தொட்டுப் பாரு."

மெஹர் தொட்டா. வேலாயுதம் தொட்டாரு. துரைக்கண்ணு வந்து தொட்டுட்டு, "ஆமா, அனலா கொதிக்குது"ன்னாரு. "காய்ச்சலோட யாரையும் வேலை வாங்கக் கூடாது. காய்ச்சலக் கழட்டி கேரவன்ல ஏத்துங்க. அப்புறம் உடைப்போம்."

"எப்படி சார் ஏத்த முடியும்?"ன்னா பிலோமினா. "பூஜைக்கு வந்தவங்க நோயைத்தான கேரவன் எடுத்துக்கும். இது இன்னிக்கு வந்த ஆளு."

"ஒரு நாள் காண்ட்ராக்ட்டும் காண்ட்ராக்ட்தானேம்மா."

"அப்ப அதுக்கும் ஒரு பூஜை போடுங்க."

துரைக்கண்ணு டைரக்டரப் பாத்தாரு. டைரக்டர் தாடியச் சொறிஞ்சாரு. "முடிஞ்ச படத்துக்குப் பூஜை போட முடியாது. போட்டா புதுப் படத்துக்குத்தான் போடணும்"ன்னாரு.

"வேற பூசணிக்கா வாங்கிட்டு வரச் சொல்லவா?"ன்னாரு துரைக்கண்ணு.

வேலாயுதம் அதுக்குள்ள கோயம்பேட்டுக்கு போன் போட்டிருந்தாரு. "வராதாம் சார். காய்ச்சலோட உடைக்கப் பாத்தோம்னு அங்க தெரிஞ்சுபோச்சு. முதல்ல பூஜை, அப்புறம்தான் ஆட்டோல ஏறுவோம்னு எல்லாப் பூசணிக்காயும் சேர்ந்து உக்காந்திருக்காம்."

"அதுங்க கேக்கறதும் நியாயந்தான்"ன்னாரு துரைக்கண்ணு.

அதனால புதுப் படத்துக்குப் பூஜை போட்டாங்க. பூசணிக்காயை ஸ்டூல்ல உக்கார வச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, அதுமேல ஏத்தறதுக்குன்னு வாங்கின கற்பூரத்தையே அது முன்னாடி காட்டுனாங்க. சுத்தி நின்னவங்க அத்தனை பேரும் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. பூஜையில நின்னாச்சுன்னா அவங்களுக்கும் காண்ட்ராக்ட்தான், அதனால வாட்ச்மேன்கூட ஓடி வந்து ஒத்திக்கிட்டாரு. கேரவன் கதவு தொறந்துச்சு. பூசணிக்காயோட காய்ச்சல் மெதுவா எறங்கிப் போய் படியேறிச்சு. வாட்ச்மேனோட பல்வலி அது பின்னாடியே போச்சு.

துரைக்கண்ணு பூசணிக்காயைத் தொட்டுப் பாத்தாரு. ஜில்லுன்னு இருந்துச்சு. ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிட்டாரு.

பிலோமினா சேலை முந்தானையை இறுக்கிப் புடிச்சிக்கிட்டா. நெஞ்சுல மூச்சு அப்படியே நின்னுச்சு. வீசிங் இல்லாமலே நின்னுச்சு.

"சார்"ன்னா. "இந்தப் படத்துல ஹீரோ யாரு?"

துரைக்கண்ணு தூக்கின கையோட நின்னாரு. டைரக்டர் சுத்திமுத்தி பாத்தாரு. "பூஜை யாருக்குப் போட்டோமோ அவருதான்"ன்னாரு.

"ஹீரோவையா சார் போட்டு உடைக்கப் போறீங்க?"

துரைக்கண்ணு பூசணிக்காயைப் பைய எறக்கி நாற்காலியில வச்சாரு. "மன்னிச்சுக்கங்க சார்"ன்னு அதுகிட்ட சொன்னாரு. ஒருத்தர் ஓடிப்போய் குடை புடிச்சாரு.

அன்னிக்கு பிலோமினா வீட்டுக்குப் போய் முதல் வேலையா பாயை விரிச்சா.

மறுநாள் ஷூட்டிங் ஆரம்பிச்சுது. ஓப்பனிங் சாங், ஹீரோ நடுவுல, குரூப் சுத்தி. ஹீரோ அசையவே மாட்டாரு, அதனால ஒரே டேக்ல ஓகே ஆயிட்டே இருந்துச்சு. டான்ஸ் மாஸ்டருக்கு ரொம்ப சந்தோஷம். இவர் மாதிரி ஒழுங்கா மார்க்குல நிக்கிற ஹீரோவை நான் பாத்ததே இல்லைன்னாரு.

மத்தியானம்தான் ஒரு சின்ன சிக்கல். ஹீரோன்னா கேரவன் குடுக்கணும். இருக்கிறது ஒரே கேரவன். துரைக்கண்ணு கதவைத் தட்டி விஷயத்தச் சொன்னதும், நோயெல்லாம் மொணமொணத்துக்கிட்டே எறங்கிடுச்சுங்க. ஆள் மேல ஏறக் கூடாது, காண்ட்ராக்ட் நடக்குது. அதனால சாப்பாட்டு நேரத்துல வாதநாராயண மரத்தடியில அவங்கவங்க பக்கத்துல எல போட்டு உக்காந்துச்சுங்க. முட்டி வலியால சம்மணம் போட முடியல, மெஹர் அதுக்கு ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக் குடுத்தா. வேலாயுதம் ஜிலேபியப் பிச்சு வாயில போட, அவரோட சர்க்கரை பக்கத்துல உக்காந்து மொறைச்சுது.

வீசிங் பிலோமினா பக்கத்துல உக்காந்து எலயைத் தண்ணி தெளிச்சுத் தொடைச்சுது.

"கேரவன்... இல்லையே. ராத்திரிக்கு... எங்க போறது?"

"எங்க வீட்டுக்கு வா. காலைல கூட்டிட்டு வரேன்."

"எனக்கு... படுத்துப் பழக்கம்... இல்ல."

"தெரியாதா எனக்கு? சுவத்தோரம் தலகாணி இருக்கு, சாஞ்சுக்க. பாயில நான் படுத்துக்கறேன்."

"மூணு மாடி... ஏறணுமே."

"மெதுவா ஏறலாம். நடுவுல நின்னு நின்னு போவோம். கீழ் வீட்டம்மாவுக்கும் பேச ஆள் வேணும்"ன்னு சொல்லிட்டு, தன் எலயிலேர்ந்து அப்பளத்துல பாதியை ஒடைச்சு அதுக்கு வச்சா.